72 ஆயிரம் இருக்கைகள், லட்சம் பேருக்கான அஸ்திவாரம்: அமெரிக்கக் கல்லூரி ஸ்டேடியங்கள் வளர்வது எப்படி?

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக கால்பந்து ஸ்டேடியத்தில் மொத்தம் எத்தனை இருக்கைகள் தெரியுமா? 1,07,601. கடைசியில் இருக்கும் அந்த ‘1’ தட்டச்சுப் பிழை இல்லை. 1956இல் இந்த எண்ணிக்கை 1,01,001 ஆக இருந்தது. 1998இல் 1,07,501. 2010இல் 1,09,901. எத்தனை முறை இடித்துக் கட்டினாலும் கடைசி இலக்கம் மட்டும் மாறவே இல்லை. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநராக 1941 முதல் 1968 வரை இருந்த ஃப்ரிட்ஸ் கிரிஸ்லருக்காக ஒதுக்கப்பட்ட ஒற்றை இருக்கை அது என்பது அங்கே வழிவழியாக வரும் பேச்சு. அந்த இருக்கை எந்த வரிசையில், எந்த மூலையில் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த ஸ்டேடியம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரத்தின் மக்கள்தொகையே சுமார் 1.2 லட்சம்தான். சேப்பாக்கம் மைதானத்தைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெரிய அரங்கம், ஒரு நடுத்தர ஊரில், ஒரு கல்லூரி அணிக்காக. ஒரு சீசனில் இங்கே நடப்பது ஏழெட்டு ஆட்டங்கள். மற்ற நாட்களில் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஆனால் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில், 1975 நவம்பர் 8ஆம் தேதியிலிருந்து, ரசிகர்களை அனுமதிக்காத கரோனா காலத்து 2020ஐத் தவிர, ஒருமுறைகூட கூட்டம் ஒரு லட்சத்துக்குக் கீழே போனதில்லை.

இவ்வளவு பெரிய ஒன்றை யாரும் ஒரே மூச்சில் கட்டிவிடவில்லை. கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ‘இன்னும் எத்தனை பேர்?’ என்ற கேள்வியோடு ‘யாருக்காக?’ என்ற கேள்வியும் சேர்ந்தே வந்திருக்கிறது.

கனவு 1 லட்சத்துக்கு மேல், அனுமதி 72 ஆயிரத்துக்கு

முதலில் ஒரு சிறு விளக்கம். இங்கே கால்பந்து என்பது மெஸ்ஸி விளையாடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே இது தொழில்முறை விளையாட்டாவதற்கு முன்பே கல்லூரி விளையாட்டாக வேரூன்றிவிட்டது. அதனால்தான் நாட்டின் மிகப் பெரிய ஸ்டேடியங்கள் பல, தொழில்முறை அணிகளிடம் இல்லாமல் பல்கலைக்கழகங்களிடம் இருக்கின்றன.

1920களில் இதற்குப் பெரும் மோகம். ஒஹாயோ ஸ்டேட் 1922இல் பிரம்மாண்டமாக ஒன்றைத் திறந்தது. அடுத்த ஆண்டே இல்லினாய் திறந்தது. மிச்சிகன் அணியோ 40 ஆயிரம் பேருக்குச் சற்று மேல் கொள்ளும் ஃபெர்ரி ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்தது. டிக்கெட் கிடைக்காமல் திரும்பிப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியவர் ஃபீல்டிங் யோஸ்ட். அணியின் நெடுங்காலப் பயிற்சியாளர், அப்போதைய விளையாட்டுத் துறை இயக்குநர். ஒரு லட்சம் பேர், ஏன் ஒன்றரை லட்சம் பேர்கூட ஒருநாள் வருவார்கள் என்று நம்பியவர். கேட்டவர்களுக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகவே தெரிந்தது.

பேராசிரியர்களுக்கு வேறு கவலை. ‘இது கல்லூரியா, கால்பந்து கம்பெனியா?’ என்ற கேள்வி அப்போதே வந்துவிட்டது. எட்மண்ட் டே தலைமையிலான குழு இதை ஆராய்ந்தது. புதிய ஸ்டேடியம் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. ஆனால் அணியில் இருக்கும் சில டஜன் பேருக்கு மட்டுமல்லாமல், சாதாரண மாணவ மாணவிகளுக்கும் விளையாட்டு வசதி வேண்டும் என்றது. 1926 ஏப்ரலில் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் குழு அனுமதி கொடுத்தது, யோஸ்ட் கேட்ட அளவுக்கு இல்லை, 72 ஆயிரம் இருக்கைகளுக்கு.

கதையின் முக்கியமான திருப்பம் இங்கேதான். இருக்கைகளைக் குறைத்துக்கொண்ட யோஸ்ட் அஸ்திவாரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விரிவாக்கினாலும் தாங்கும் அளவுக்கு அடித்தளம் போடவைத்தார். மேலே தெரிந்தது 72 ஆயிரம். மண்ணுக்குள் இருந்தது அதைவிடப் பெரிய கட்டடம்.

நம் ஊரில் தரைத்தளம் மட்டும் கட்டிவிட்டு, மாடிக்கென்று தூண் கம்பிகளை வானத்தைப் பார்த்து நீட்டிவிட்டிருப்பார்களே, அதே புத்திதான். ‘மகன் சம்பாதிச்சு மாடி கட்டுவான்’ என்ற நம்பிக்கை. ஒரே ஒரு வித்தியாசம், நம் வீடுகளில் அந்தக் கம்பி வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்துக் கிடக்கும். யோஸ்ட் தன் நம்பிக்கையை மண்ணுக்குள் பத்திரமாக வைத்தார்.

கடன் பத்திரம் வாங்கு, நல்ல இடத்தில் உட்கார்

பணம்? அரசு வரிப்பணத்தைத் தொடவில்லை. 500 டாலர் முகமதிப்புள்ள 3,000 கடன் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. வட்டி 3 சதவீதம். கூடவே ஒரு சலுகை, பத்திரம் வாங்கியவர்களுக்கு மைதானத்தின் நடுப்பகுதியை ஒட்டிய இருக்கைகளுக்கு டிக்கெட் வாங்கும் உரிமை சுமார் பத்து ஆண்டுகளுக்கு உண்டு. வட்டிக்காக வாங்கியவர்களைவிட இருக்கைக்காக வாங்கியவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். இன்றைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ‘முதலில் நன்கொடை, பிறகு டிக்கெட்’ என்று நடத்தும் வியாபாரத்தின் தாத்தா இதுதான்.

ஸ்டேடியத்தின் செலவு சுமார் 9.5 லட்சம் டாலர். கனெக்டிகட்டில் 1914இல் திறக்கப்பட்ட யேல் பவுல் போல, தரையைத் தோண்டிக் கிண்ணமாக அமைத்தார்கள். கிட்டத்தட்ட முக்கால் பங்கு தரைமட்டத்துக்குக் கீழே. ரசிகர்கள் படியேறி உள்ளே போவதில்லை. தெருமட்டத்தில் நுழைந்து கீழே இறங்குகிறார்கள். தோண்டும்போது நிலத்தடி நீர் பீறிட்டுப் பெரும் தொல்லை கொடுத்தது. சேற்றில் மூழ்கிய கிரேன் ஒன்று இன்னமும் மைதானத்துக்கு அடியில் புதைந்திருக்கிறது என்று ஒரு கதை உண்டு. நிஜமோ இல்லையோ, ஆன் ஆர்பரில் அதைச் சொல்லாதவர்கள் இல்லை.

1927 அக்டோபர் 1ஆம் தேதி முதல் ஆட்டம். அக்டோபர் 22ஆம் தேதி ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக அதிகாரபூர்வத் திறப்பு விழா. அதற்குள் யோஸ்ட் சும்மா இருக்கவில்லை. கிண்ணத்தின் விளிம்பில் தற்காலிக மர பெஞ்சுகளைப் போட்டு மேலும் 10 ஆயிரம் பேருக்கு இடம் சேர்த்துவிட்டார். அன்று வந்தவர்கள் 84,401 பேர். 72 ஆயிரம் போதும் என்றவர்களுக்கு ஒரே மாதத்தில் பதில் கிடைத்துவிட்டது. எட்மண்ட் டே குழு கேட்டதும் வீண்போகவில்லை. சாதாரண மாணவர்களுக்கான உள்விளையாட்டுக் கட்டடம் 1928இல் எழுந்தது.

தற்காலிகம் என்று போட்ட அந்த மர பெஞ்சுகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தன. 1949இல்தான் கிரிஸ்லர் அவற்றை எடுத்துவிட்டு நிரந்தர இரும்பு இருக்கைகளை அமைத்தார். கொள்ளளவு 97,239 ஆனது. 1956இல் புதிய பத்திரிகையாளர் மாடத்தோடு சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. யோஸ்ட் 1946இலேயே இறந்துவிட்டார். அவர் போட்ட அஸ்திவாரத்தின் மேல் லட்சம் பேர் உட்கார்ந்ததைப் பார்க்க அவர் இல்லை.

நான்கு திசைகள்தான், நான்கிலும் சிக்கல்

ஏற்கெனவே இருக்கும் ஸ்டேடியத்தைப் பெரிதாக்க எந்தப் பக்கம் போகலாம்? வெளிப்பக்கமாக வரிசைகளைச் சேர்க்கலாம். மேலே இரண்டாவது அடுக்கு போடலாம். மைதானத்தை நோக்கி உள்ளே வரலாம். அல்லது தரையைத் தாழ்த்திக் கீழே போகலாம். கேட்க எளிதாக இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

வெளியே போகப் போக ஆட்டம் தூரமாகிவிடும். அதோடு, முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலாகப் பந்து தெரிய வேண்டுமானால், பின்வரிசைகளின் படி உயரம் கூடிக்கொண்டே போக வேண்டும். தூண் உயரம், இரும்பு, செலவு எல்லாம் அதன் பின்னாலேயே ஏறும். இரண்டாம் அடுக்கு போட்டால் முழு எடையும் பழைய தூண்கள் மேல் அல்லது பழைய கட்டடத்தைத் தாண்டி நிற்கும் புதிய தூண்கள் மேல் விழும். பழைய அஸ்திவாரம் அதற்காகப் போடப்பட்டதில்லை என்றால் கதை முடிந்தது. உள்ளே வரலாம் என்றால், ஆடுகளம் 360 அடி நீளம், 160 அடி அகலம் என்று விதியிலேயே இருக்கிறது. சுற்றி ஓட்டப்பாதை இருந்தால் மட்டும்தான் அந்தப் பக்கம் இடம்.

பென்சில்வேனியா மாநிலத்தின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அப்படி ஓர் ஓட்டப்பாதை இருந்தது. அங்கே செய்ததைக் கேட்டால் ‘இப்படியெல்லாமா?’ என்று தோன்றும். அவர்களின் பீவர் ஸ்டேடியம் முதலில் வளாகத்தின் வேறொரு பகுதியில் இருந்தது. இரும்பால் ஆன கட்டமைப்பு என்பதால் 1959-60இல் அதை சுமார் 700 துண்டுகளாகக் கழற்றி, வளாகத்தின் கிழக்கு ஓரத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பப் பூட்டினார்கள். 1978இல் இன்னும் துணிச்சலான வேலை. அரங்கத்தைப் பகுதி பகுதியாக வெட்டி, ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து அப்படியே மேலே தூக்கினார்கள். தூக்கியதால் கிடைத்த இடைவெளியில், ஓட்டப்பாதை இருந்த உள்வட்டத்தில், கான்கிரீட் இருக்கை வரிசைகளைச் செருகினார்கள். சுமார் 60 ஆயிரமாக இருந்த கொள்ளளவு 76 ஆயிரத்தைத் தாண்டியது. பழைய கடைசி வரிசையில் உட்கார்ந்து பழகியவர், தான் எங்கேயும் நகராமலே இன்னும் உயரத்துக்குப் போய்விட்டார்.

டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் நகரில் நடந்தது வேறு வகை. அங்கே 1921இல் தொடங்கியபோது 3,200 பேர் உட்காரும் ஒரு பக்க மேடை மட்டுமே. அணியின் பயிற்சியாளராக வந்த ராபர்ட் நீலண்ட், ராணுவப் பொறியாளர். பந்தாட்ட வியூகம் போட்ட அதே கையால் ஸ்டேடியத்தின் எதிர்கால விரிவாக்கத்துக்கும் வரைபடத் திட்டம் போட்டுக் கொடுத்தார். அவர் 1962இல் இறந்த பிறகும் அந்தத் திட்டம்தான் அடுத்தடுத்த விரிவாக்கங்களுக்கு அடிப்படையாக இருந்தது. அவர் பெயரையே தாங்கிய ஸ்டேடியம் 2000இல் 1,04,079ஐத் தொட்டது.

நாக்ஸ்வில்லில் இன்னொரு சமர்த்தும் உண்டு. வருடத்தில் ஏழு நாள் மட்டும் பயன்படும் கட்டடத்துக்குக் கீழே உள்ள இடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று, இருக்கை வரிசைகளுக்கு அடியில் மாணவர் விடுதி அறைகளைக் கட்டினார்கள். பிறகு அவற்றில் ஒரு பகுதி மானுடவியல் துறைக்குப் போனது. தடயவியல் ஆய்வுக்கான மனித எலும்புகள் பல ஆண்டுகள் அங்கேதான் வைக்கப்பட்டிருந்தன. மேலே லட்சம் பேர் ஆரவாரம், கீழே பெட்டி பெட்டியாக எலும்புக்கூடுகள். எந்தத் திரைக்கதை எழுத்தாளருக்கும் இது தோன்றியிருக்காது.

டிசம்பரில் ஆரம்பி, ஆகஸ்டில் முடி

இதில் எல்லோரையும் ஒன்றுபோலக் கட்டிப்போடுவது காலண்டர். கல்லூரிக் கால்பந்து சீசன் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. டிக்கெட் முன்பே விற்றிருக்கும். தொலைக்காட்சி ஒப்பந்தம் இருக்கும். ‘வேலை முடியலை, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்று சொல்ல முடியாது. அதனால் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு இயந்திரங்கள் உள்ளே வரும். ஆகஸ்டில் வெளியேற வேண்டும். அதற்குள் முடியாத திட்டத்தை இரண்டு, மூன்று சீசன்களுக்குப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அரங்கம் பாதுகாப்பாகத் திறக்கும் நிலையில் இருக்க வேண்டும். பாதியில் நிற்கும் கட்டடத்துக்குள் ஒரு லட்சம் பேரை விடப்போகிறீர்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வேலையின் பயம் புரியும்.

சியாட்டிலில் அந்தப் பயம் நிஜமானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹஸ்கி ஸ்டேடியத்தில் வடக்குப் பக்கம் புதிய மேலடுக்கு எழுந்துகொண்டிருந்தது. 1987 பிப்ரவரி 25ஆம் தேதி காலை, அந்த இரும்புக் கட்டமைப்பு சில விநாடிகளில் மடிந்து விழுந்தது. முழுமை அடையாத அமைப்பைப் பிடித்து நிறுத்தியிருந்த தற்காலிக இழுகம்பிகள் சில முன்கூட்டியே கழற்றப்பட்டிருந்தன. இரும்பு முனகுவதைக் கேட்டுத் தொழிலாளர்கள் வெளியே ஓடிவிட்டதால் ஒருவருக்கும் காயம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், அத்தனையையும் அள்ளிப்போட்டுவிட்டு மறுபடி கட்டி, அதே ஆண்டு செப்டம்பர் சீசனுக்குத் திறந்தும்விட்டார்கள்.

மிச்சிகனும் 2007 சீசன் முடிந்ததும் தொடங்கிய பெரிய வேலையை 2010 வரை இப்படித்தான் பிரித்துச் செய்தது. இடையில் 2008, 2009 சீசன்களில் கொள்ளளவு 1,06,201 ஆகக் குறைந்தது. நாட்டின் மிகப் பெரிய கல்லூரி ஸ்டேடியம் என்ற பட்டம் அந்த இரண்டு ஆண்டுகள் பென் ஸ்டேட்டிடம் போனது. ரசிகர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பழுது பார்த்ததா, மாற்றிக் கட்டியதா?

அந்த 2007-10 திட்டம்தான் ‘யாருக்காக?’ என்ற கேள்வியை வெளியே இழுத்துப் போட்டது.

செலவு 22.6 கோடி டாலர். கூடுதல் கழிப்பறைகள், உணவுக் கடைகள், அகலமான நடைபாதைகள், கைப்பிடிகள். யாரும் மறுக்க முடியாத தேவைகள். 1927இல் 72 ஆயிரம் பேருக்குப் போட்ட வழிகளில் லட்சம் பேர் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். இருக்கையைச் சேர்ப்பது சுலபம். இடைவேளையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கழிப்பறை தேடி எழுந்திருப்பார்கள் என்பதை யோசிப்பது இல்லை. விரிவாக்க வரைபடங்களில் கடைசியாக வருவதும், ரசிகர்கள் முதலில் திட்டுவதும் இதுதான்.

ஆனால் திட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. மைதானத்தின் இரு பக்கமும் உயர்ந்து நிற்கும் கட்டடங்கள். அவற்றில் கண்ணாடி போட்ட 80க்கும் மேற்பட்ட சொகுசு அறைகளும், சுமார் 3 ஆயிரம் கிளப் இருக்கைகளும். பழைய மாணவர்கள் பலர் கொதித்தார்கள். ஒரே கிண்ணம், ஒரே பெஞ்சு, மழை பெய்தால் முதலாளியும் மாணவனும் சேர்ந்து நனைவார்கள் என்பதுதான் அந்த இடத்தின் பெருமை என்று வாதிட்டார்கள். நிர்வாகத்தின் பதில் நேரடியானது, அந்த அறைகளின் வாடகைதான் கழிப்பறைக்கும் நடைபாதைக்கும் பணம் கட்டும். மாநில வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சிமன்றக் குழுவுக்குள்ளேயே கருத்து பிளந்தது. திட்டம் பெரும்பான்மையில் நிறைவேறியது. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதுதான் இதில் சங்கடம்.

சக்கர நாற்காலி விவகாரத்தில் அப்படி இரு நியாயம் இல்லை. உடல் ஊனமுற்ற முன்னாள் ராணுவ வீரர்களின் மிச்சிகன் அமைப்பு 2007இல் வழக்குத் தொடர்ந்தது. லட்சத்துக்கு மேல் இருக்கைகள் உள்ள அரங்கத்தில் சக்கர நாற்காலிக்கான இடங்கள் நூறுகூட இல்லை. 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, பழைய கட்டடத்தை அப்படியே வைத்திருந்தால் ஒரு விதி. மாற்றிக் கட்டினால் கடுமையான விதி. பல ஆண்டுகளாகக் கிண்ணத்தின் கான்கிரீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துப் புதிதாகப் போட்டதை ‘பழுதுபார்ப்பு’ என்றது பல்கலைக்கழகம். ‘இவ்வளவையும் மாற்றிவிட்டு இதற்குப் பெயர் பழுதுபார்ப்பா?’ என்றார்கள் முன்னாள் வீரர்கள். மத்திய அரசின் நீதித் துறையும் அவர்கள் பக்கம் சேர்ந்தது. 2008 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. 2010க்குள் சக்கர நாற்காலிக்கு 329 இடங்கள், பக்கத்தில் துணைக்கு வருபவர்களுக்கும் அதே அளவு இருக்கைகள்.

கட்டம் கட்டமாக வளரும் எந்தக் கட்டடத்திலும் ஒளிந்திருக்கும் பொறி இது. ஒவ்வொரு வேலையும் தனியாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும்; ஒவ்வொன்றுக்கும் விதிவிலக்கு கேட்கலாம். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் புதுக் கட்டடமே எழும்பியிருக்கும், ஆனால் புதுக் கட்டடத்துக்கான கடமைகள் எதுவும் நிறைவேறியிருக்காது.

கணக்கு தப்பினால்

மிச்சிகனில் கணக்கு சரியாக வந்தது. 2013 செப்டம்பரில் நோட்ரே டேம் அணிக்கு எதிரான இரவு ஆட்டத்துக்கு வந்தவர்கள் 1,15,109 பேர். அடுத்த ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட், ரியல் மாட்ரிட் மோதிய ‘நம்ம’ கால்பந்துக்கும் 1,09,318 பேர் வந்தார்கள்.

கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கணக்கு தப்பியது. 1923இல் கட்டப்பட்ட அந்த ஸ்டேடியத்தின் அடியில், ஆடுகளத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிழித்துக்கொண்டு ஹேவர்ட் நிலப்பிளவு ஓடுகிறது. பூகம்பத்தைத் தாங்கும்படி புதுப்பித்தே ஆக வேண்டிய கட்டாயம். 32.1 கோடி டாலர் செலவில் வேலை முடிந்து 2012இல் திறந்தார்கள். பணத்துக்கு ஒரு திட்டம் வைத்திருந்தார்கள், சுமார் 3 ஆயிரம் நல்ல இருக்கைகளை 40, 50 ஆண்டுகளுக்கு மொத்தமாக விற்பது. ஒரு இருக்கையின் விலை 40 ஆயிரம் டாலரில் தொடங்கி 2 லட்சத்துக்கும் மேல். காகிதத்தில் அழகாக இருந்தது. 2008 நிதி நெருக்கடியும் அணியின் தோல்விகளும் சேர்ந்து விற்பனையைப் படுக்கவைத்தன. பக்கத்தில் கட்டிய வீரர்கள் பயிற்சி மையத்தையும் சேர்த்து சுமார் 44.5 கோடி டாலர் கடன். விளையாட்டுத் துறையால் தாங்க முடியாமல், அதில் ஒரு பெரும் பகுதியைப் பல்கலைக்கழகமே ஏற்றுக்கொள்ள வேண்டிவந்தது. வகுப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் போக வேண்டிய பணம் என்று பேராசிரியர்கள் கேட்டதில் தப்பில்லை. 1925இல் மிச்சிகன் பேராசிரியர்கள் கேட்ட அதே கேள்வி அது.

இப்போது எண்ணிக்கை இறங்குகிறது

இன்றைக்கு இந்தத் திட்டங்கள் திரும்பியிருக்கும் திசை யோஸ்ட்டுக்குப் புரியுமா என்பது சந்தேகம். இருக்கைகள் குறைகின்றன. மிச்சிகன் 2010இல் தொட்ட 1,09,901ஐ விட்டு 2015இல் 1,07,601க்கு வந்தது. டென்னசி ஸ்டேடியம் உச்சத்தைவிட இரண்டாயிரம் இருக்கைகளுக்கு மேல் இழந்திருக்கிறது. அகலமான இருக்கை, முதுகுச் சாய்வு, அகலமான படிக்கட்டு என்று ஒவ்வொன்றும் சில நூறு இடங்களை விழுங்குகிறது. வீட்டில் பெரிய திரை டிவி இருக்கும்போது, 18 அங்குல பெஞ்சில் குளிரில் நெருக்கியடித்து உட்காரப் பத்து ஆண்டுக்கு முன்பு வந்த அதே எண்ணிக்கையில் ஆட்கள் வருவார்கள் என்று யாரும் நம்பத் தயாராக இல்லை.

சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இதன் எல்லைக்கே போய்விட்டது. 47 ஆயிரம் பேர் கொண்ட பழைய ரையன் ஃபீல்டை இடித்துவிட்டு, 80 கோடி டாலருக்கு மேல் செலவில் 35 ஆயிரம் பேருக்கு மட்டும் புதிதாகக் கட்ட முடிவெடுத்தது. 2026இல் திறப்பதாகத் திட்டம். பொறியாளர்களைவிட அக்கம்பக்கத்தாரைச் சம்மதிக்க வைப்பதுதான் அங்கே பெரும்பாடாக இருந்தது. புதிய அரங்கில் இசை நிகழ்ச்சிகள் நடத்தலாமா என்ற சண்டை 2023 நவம்பரில் நகர சபைக்குப் போய், வாக்குகள் சமமாகி, மேயர் போட்ட ஓட்டில் அனுமதி கிடைத்தது. வருடத்தில் ஏழு சனிக்கிழமை சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட ஊர், அதற்கு மேல் எத்தனை இரவுகள் பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கல்.

இருக்கை குறைந்தாலும் வருமானம் கூட வேண்டிய நெருக்கடி இன்னும் இறுகியிருக்கிறது. 2025இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் முதல்முறையாகத் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2025-26க்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர். இத்தனை ஆண்டுகளாக அந்த மைதானங்களை நிரப்பியவர்கள் சம்பளம் இல்லாமல் ஆடிய மாணவர்கள்தான் என்பதால், இது ரொம்பத் தாமதமாக வந்த நியாயம். ஆனால் பணம் எங்கிருந்தோ வர வேண்டும். ஒரு சொகுசு அறை, பல வரிசை சாதாரண பெஞ்சுகளைவிட அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும் என்பது எந்த நிதி அதிகாரிக்கும் மனப்பாடம். மேல்வரிசையில் குறைந்த விலைக்கு உட்கார்ந்து தொண்டை வறளக் கத்தும் மாணவனின் இடம் அந்தக் கணக்கில் எப்போதும் பலவீனமானது.

ஜாக்கி வைத்துத் தூக்கிய பீவர் ஸ்டேடியத்திலும் இப்போது அதே கணக்குதான் ஓடுகிறது. 70 கோடி டாலர் திட்டத்துக்கு 2024 மே மாதம் ஒப்புதல் கிடைத்தது. மேற்குப் பக்கத்தை முழுதாக இடித்து, சொகுசு இருக்கைகளோடு 2027க்குள் திரும்பக் கட்டுகிறார்கள். 2025 சீசனில் ஆட்டம் நிற்கவில்லை. இடித்த மேற்குப் பக்கத்தில், யோஸ்ட் 1927இல் செய்ததைப் போலவே, தற்காலிக பெஞ்சுகளைப் போட்டார்கள்.